ஒரு அறை, மூணு வகுப்பு, ஒரு டீச்சர்: தொடக்கப்பள்ளி வகுப்பறை எப்படித் தயாராகுது?

2025 ஜூலையில் நம்ம ஃபீடு முழுக்க ஓடிய ஒரு எழுத்து ஞாபகம் இருக்கா? 'ப'தான் அது. 2024-ல் வந்த 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்ற மலையாளப் படத்தில், கடைசி பெஞ்ச் என்ற ஒன்றே இல்லாதபடி மாணவர்களை உட்கார வைக்கும் காட்சி வரும். அதைப் பார்த்து கேரளத்தில் சில பள்ளிகள் இருக்கைகளை மாற்றின. தமிழ்நாட்டிலும் 'ப' வடிவில் உட்கார வைக்கச் சொல்லி சுற்றறிக்கை போனது. 'கழுத்து வலிக்கும்', 'போர்டு தெரியாது', 'அறையில இடமே இல்ல' என்று விமர்சனங்கள் வர, அது நிறுத்திவைக்கப்பட்டது.

அந்த நேரத்தில் திருவண்ணாமலையில் இருக்கும் என் சித்திக்கு ஒரு மீம் அனுப்பினேன். அவர் பக்கத்து கிராமம் ஒன்றில் அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியை. பதில் இப்படி வந்தது: "எங்க க்ளாஸ்ல பெஞ்சே கிடையாது. பாய்தான். எந்தப் பாய்ல எந்தக் கிளாஸ்னு யோசிக்கவே எனக்கு நேரம் சரியா இருக்கு."

எந்தப் பாயில் எந்த வகுப்பா? ஆமாம். சித்தியின் அறையில் ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று வகுப்புகளும் ஒன்றாக உட்காரும். அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அடுத்த ஜூனில் பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை, உதவி செய்கிறேன் என்று அவருடன் கிளம்பிப் போனேன். ஒரு வகுப்பறை எப்படித் தயாராகிறது, அதன் பின்னால் என்னென்ன கணக்குகள் இருக்கின்றன என்பதைப் பார்ப்போம்.

ஏன் மூன்று வகுப்புக்கு ஒரே டீச்சர்?

இது ஏதோ ஒரு பள்ளியின் குறை என்று நினைத்துவிட வேண்டாம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 சொல்லும் கணக்கே அப்படித்தான். 1 முதல் 5 வரை உள்ள பள்ளியில் 60 குழந்தைகள் வரை இருந்தால் 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை 3 பேர். 91 முதல் 120 வரை 4 பேர். 121 முதல் 200 வரை இருந்தால்தான் 5 ஆசிரியர்கள்.

அதாவது, 40 குழந்தைகள் படிக்கும் ஒரு கிராமத்துப் பள்ளியில் வகுப்புகள் ஐந்து, ஆசிரியர்கள் இரண்டு. வழக்கமாக ஒருவர் 1, 2, 3-ஐப் பார்த்துக்கொள்வார். இன்னொருவர் 4, 5-ஐப் பார்த்துக்கொள்வார். தலைமை ஆசிரியர் வேலையும் அந்த இருவரில் ஒருவருக்குத்தான்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. 40 நிமிட பீரியடை மூன்று வகுப்புக்கும் சமமாகப் பிரித்தால், ஒரு வகுப்புக்கு 13 நிமிடம் சொச்சம்தான் டீச்சர் கிடைப்பார். மீதி 26 நிமிடம்? 'சத்தம் போடாம உக்காருங்க' என்று சொல்லிவிடலாம். ஆனால், அப்படி விட்டால் அந்தக் குழந்தையின் பள்ளி நாளில் மூன்றில் இரண்டு பங்கு காத்திருப்பதிலேயே போய்விடும். ஒரு நாள் இல்லை, மூன்று வருஷம்.

அந்த 26 நிமிடத்தை யார் பார்த்துக்கொள்வது? அறைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பாய் எங்கே, அட்டைப் பெட்டி எங்கே, எந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அழகுக்காகச் செய்வது இல்லை. டீச்சர் வேறு பாயில் இருக்கும்போது இந்தப் பாய்க் குழந்தைக்கு வேலை கொடுப்பது அதுதான்.

பக்கத்து வேலூரில் தொடங்கிய யோசனை

தமிழ்நாட்டுக்கு இந்தச் சிக்கல் புதிதில்லை. அதற்கு நடந்த பெரிய முயற்சி தொடங்கிய இடமும் தூரத்தில் இல்லை. 1989 வரை திருவண்ணாமலையும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம்தான். 1990-களின் பிற்பகுதியில் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். வேலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைத் தொழிலாளர்களுக்கான சிறப்புப் பள்ளிகளில் ஒரு பிரச்னை இருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு வயது, ஒவ்வொரு நிலை. எல்லோருக்கும் ஒரே பாடம் என்பது அங்கே நடக்காத காரியம்.

ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப்புறக் கல்வி மையம் அதற்கு முன்பே ஒரு வழி கண்டிருந்தது. பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, ஏணி மாதிரி வரிசைப்படுத்தி, குழந்தை தன் வேகத்தில் ஏறட்டும் என்று விடுவது. அந்த அனுபவம்தான் இங்கே செயல்வழிக் கற்றலாக வளர்ந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, பிறகு எல்லா மாநகராட்சித் தொடக்கப்பள்ளிகளுக்கும் போய், 2007-ல் மாநிலம் முழுக்க 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு வந்தது.

இன்று இருபதுகளில் இருக்கும், அரசுப் பள்ளியில் படித்த பலருக்கும் அந்த அறை ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. சுவரின் கீழ்ப்பகுதி முழுக்கக் கரும்பலகை, அதில் ஆளுக்கொரு இடம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் நாங்கள் வரைந்த படங்கள் தொங்கும். சுவரில் ஏணிப்படி அட்டவணை. விலங்கு, பறவை என்று சின்னம் போட்ட அட்டைகள். இன்று எந்த அட்டை என்று ஏணியில் பார்த்து, தட்டிலிருந்து எடுத்து, அதற்குரிய குழுவில் போய் உட்கார வேண்டும். டீச்சர் முழுசாகக் கூட இருக்கும் குழுவில் தொடங்கி, தானாகவே செய்யும் குழு, மதிப்பீட்டுக் குழு வரை எல்லாம் இருக்கும். வருகைப் பதிவைக்கூட நாங்களே குறிப்போம்.

"கீழ் போர்டு எதுக்கு சித்தி?" என்று இப்போதுதான் கேட்டேன். "நோட்டுல எழுதினா நான் குனிஞ்சு ஒவ்வொண்ணா பாக்கணும். சுவர்ல எழுதினா ஒரு பார்வைல இருபது பேரோட கையெழுத்தும் தெரிஞ்சுடும். தப்பா எழுதினா அழிச்சுடலாம், பயமும் இருக்காது" என்றார்.

குழந்தையின் உயரத்துக்கு அறையை இறக்கும் இந்த யோசனை ரொம்பப் பழையது. 1907-ல் ரோமில் மரியா மாண்டிசோரி தொடங்கிய 'குழந்தைகள் இல்லம்' பொருட்களைக் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தது. அதே மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

செயல்வழிக் கற்றலிலும் சிக்கல்கள் இருந்தன. ஒரு அட்டை தொலைந்தால் ஏணியில் ஒரு படியே காணாமல் போகும். நூற்றுக்கணக்கான அட்டைகளைப் பாதுகாப்பதும், யார் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று குறிப்பதும் டீச்சரின் நேரத்தைத் தின்றுவிடும். அதற்குப் பிறகு முறைகள் மாறின. ஆனால், 'குழந்தை தானே எடுக்கணும், தானே தொடங்கணும்' என்ற பாடம் மட்டும் நின்றது.

அரும்பு, மொட்டு, மலர்: இப்போ என்ன நடக்கிறது?

கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. 2025-க்குள் 8 வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பொருள் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது இலக்கு. முதலில் 1 முதல் 3 வகுப்புகளுக்கு வந்தது, அடுத்த ஆண்டில் 4, 5-க்கும் போனது.

இதில் வகுப்பைவிட முக்கியம் நிலை. குழந்தைக்கு எது தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தை அரும்பிலும் இருக்கலாம், மலரிலும் இருக்கலாம். அறைக்குள் கதை, பாடல், பொம்மலாட்டம், படைப்பு, வாசிப்பு என்று தனித்தனிக் களங்களும் உண்டு.

இங்கேதான் ஒரு வகுப்பறையை அமைப்பது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று சித்தி சொல்லிப் புரிந்தது.

"முதல் வருஷம் அரும்புக்குன்னு ஜன்னல் ஓரமா ஒரு இடம் ஒதுக்கினேன். எனக்கு வசதி, அந்தப் பசங்க பக்கத்துலயே உக்காந்து சொல்லிக் கொடுக்கலாம்னு. ஒரு மாசம்தான். பசங்களே அதுக்கு 'மக்கு ஓரம்'னு பேர் வெச்சுட்டாங்க. ரெண்டாங்கிளாஸ் பையன் ஒருத்தன் அங்க உக்கார மாட்டேன்னு ஸ்கூலுக்கே வரல."

கடைசி பெஞ்ச் இல்லாத அறையில் கடைசி பெஞ்ச் உருவாகிவிட்டது. நல்ல எண்ணத்தோடு, திட்டத்தில் சொன்னபடியே செய்த ஒரு ஏற்பாட்டில்.

அவர் என்ன செய்தார்? பாய்களுக்கு நிரந்தர இடம் கொடுப்பதை நிறுத்தினார். தமிழுக்கு ஒரு குழு, கணக்குக்கு வேறு குழு. களங்களில் எல்லா நிலையும் கலந்து உட்காரும். அந்தப் பையனின் அப்பா பூ வியாபாரம் செய்பவர். பையன் முழம் கணக்கு, சில்லறைக் கணக்கு எல்லாம் வாயாலேயே சொல்வான். கணக்குத் தட்டுக்கு அவன்தான் பொறுப்பு என்று ஆக்கினார். தமிழில் அரும்பு, கணக்கில் எல்லோரும் தேடிவரும் ஆள். "திரும்ப வந்தான். வருஷக் கடைசில எழுத்துக் கூட்டிப் படிச்சான். அந்த ஓரத்த நான் அப்படியே விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் பக்குனு இருக்கு."

சுவரில் எவ்வளவு ஒட்டலாம்?

தேரடி வீதியில் சார்ட், கலர் பேப்பர், ஸ்கெட்ச் வாங்கிக்கொண்டுதான் போனோம். சுவர் முழுக்க ஒட்டிவிடலாம் என்ற ஆர்வத்தில் இருந்தேன். பாதியிலேயே சித்தி நிறுத்தினார். "போதும். நான் பேசும்போது பசங்க சுவரப் பாப்பாங்க."

அவர் அனுபவத்தில் சொன்னதற்கு ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்டது. 24 மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்குச் சில பாடங்களை அலங்காரம் நிறைந்த அறையிலும், சில பாடங்களை வெறும் சுவர் அறையிலும் நடத்தினார்கள். அலங்கார அறையில் கவனம் அதிகம் சிதறியது. பாடம் முடிந்து கேட்ட கேள்விகளுக்கு அங்கே 42 சதவீதம் சரியான பதில். வெறும் சுவர் அறையில் 55 சதவீதம்.

அப்போ சுவரை மொட்டையாக விட்டுவிடலாமா? வேண்டாம். இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழகம் 27 பள்ளிகளின் 153 வகுப்பறைகளை ஆராய்ந்து 2015-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. குழந்தைகளின் ஓராண்டுக் கற்றல் முன்னேற்றத்தில் உள்ள வித்தியாசத்தில் 16 சதவீதத்துக்கு வெளிச்சம், காற்று, வெப்பம், நிறம், அமைப்பு போன்ற அறை சார்ந்த விஷயங்களே காரணம் என்றது. சுவர் உயிரோட்டமாக இருக்கட்டும், ஆனால் 20 முதல் 50 சதவீதம் வரை காலியாக விடுங்கள் என்பது அதன் ஆலோசனை.

சித்தியின் விதி இன்னும் எளிமை. போர்டு இருக்கும் சுவரில் எதுவும் ஒட்டுவதில்லை. பக்கவாட்டுச் சுவரில், குழந்தையின் கண் உயரத்தில், இந்த மாதம் நடக்கும் பாடத்துக்குத் தேவையானது மட்டும். பின் சுவர் முழுக்கக் குழந்தைகள் வரைந்ததும் எழுதியதும். "கடையில வாங்குன சார்ட்ட ஒரு நாள் பாப்பாங்க. தான் எழுதினத தினமும் பாப்பாங்க."

சரி, 'ப' நல்லதா, வரிசை நல்லதா?

ஒரு அறையை 20 அடிக்கு 20 அடி என்று வைத்துக்கொள்வோம். 'ப' வடிவத்துக்கு மூன்று சுவர், மொத்தம் 60 அடி. 30 குழந்தைகளுக்குத் தலா 2 அடி கொடுத்தால் அந்த 60 அடியும் தீர்ந்தது. பீரோ, புத்தக அலமாரி, கதவு, களங்கள் எல்லாம் எங்கே போகும்? தவிர, இரண்டு பக்கவாட்டில் இருப்பவர்கள் நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பியே போர்டைப் பார்க்க வேண்டும். அதே அறையில் 15 குழந்தைகள் என்றால் 'ப' அருமையாக வேலை செய்யும்.

இருக்கை அமைப்பு பற்றி வந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்து 2008-ல் வெளியான ஒரு கட்டுரையும் இதையே சொல்கிறது. தனியாகச் செய்யும் வேலைக்கு வரிசை நல்லது. பேசி, கலந்து செய்யும் வேலைக்குக் குழு நல்லது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே வடிவம் கிடையாது. என்ன வேலை என்று முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகுதான் வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த வகையில் பாய்க்கு ஒரு லாபம் இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் சுருட்டி வேறு மாதிரி விரித்துவிடலாம்.

யாரும் மீம் போடாத சின்ன விஷயங்கள்

அன்று மதியம் நாங்கள் செய்த வேலைகளில் பாதி, வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லாதவை.

*செருப்பு:* வாசலில் சுண்ணாம்பால் கோடு போட்டோம். செருப்பு தேடும் சண்டை இல்லை என்றால் சாப்பாட்டு மணிக்குப் பிறகு ஐந்து நிமிடம் மிச்சம்.

*பை, தண்ணீர் பாட்டில்:* இரண்டும் சுவரோரம். பாயில் பை இருந்தால் டீச்சர் நடக்க வழி இருக்காது. பாட்டில் உருண்டால் பாடம் நின்றுவிடும்.

*பென்சில்:* ஒவ்வொரு பாய்க்கும் ஒரு டப்பா. சீவிய பென்சில், ரப்பர், சாக்பீஸ். 'மிஸ், பென்சில் இல்ல' என்று யாரும் எழுந்து வரத் தேவையில்லை.

*வெளிச்சம்:* ஜன்னல் வெளிச்சம் போர்டில் பட்டுப் பளபளத்தால் எழுத்து தெரியாது. குழந்தைகள் உட்காரும் இடத்தில் சித்தி தானே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு மூலையிலிருந்தும் போர்டைப் பார்த்தார்.

*கண்ணும் காதும்:* பார்வை மங்கலான குழந்தை, சரியாகக் கேட்காத குழந்தை எப்போதும் முன்னால். உயர வரிசை அதற்குப் பிறகுதான்.

*வந்தவுடன் என்ன:* இதுதான் முக்கியம். உள்ளே வந்ததும் செய்ய ஒரு வேலை கீழ் போர்டில் காத்திருக்கும். பெயர் எழுதுவது, நேற்றைய ஐந்து சொற்கள், இரண்டு கணக்கு. மணி அடித்ததும் டீச்சர் சொல்லாமலே தொடங்க வேண்டும்.

"பௌர்ணமி அன்னைக்கு கிரிவலக் கூட்டத்துல பஸ் கிடைச்சு வர்றதுக்கே லேட்டாகும்ல? நான் உள்ள நுழையும்போது பசங்க எழுதிட்டு இருந்தாங்கன்னா, அந்த வருஷம் க்ளாஸ் செட் ஆயிடுச்சுன்னு அர்த்தம்" என்றார் சித்தி. இதைப் பழக்க முதல் இரண்டு வாரம் பிடிக்குமாம். அந்த இரண்டு வாரம் பாடத்தைவிட, அட்டையை எடுப்பது, திரும்ப வைப்பது, பாய் மாறுவது, சத்தமில்லாமல் உதவி கேட்பது ஆகியவற்றுக்குத்தான் பயிற்சி. பாடம் பின்தங்குகிறதே என்று தோன்றும். ஆனால், பிறகு வருஷம் முழுக்க நேரம் மிச்சம்.

செலவுக்கு என்ன வழி?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பள்ளி மானியம் உண்டு. விதிப்படி 30 பேர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், அதற்கு மேல் 100 பேர் வரை 25,000 ரூபாய். சின்னப் பள்ளிக்கு மாதம் சுமார் 833 ரூபாய். சுத்தம், சின்னச் சின்ன ரிப்பேர், சாக்பீஸ், பதிவேடு எல்லாம் அதற்குள்தான் வர வேண்டும். சார்ட்டும் டப்பாவும் பெரும்பாலும் டீச்சரின் பர்ஸிலிருந்தே போகின்றன. அன்று தேரடி வீதியில் பில்லைப் பார்த்துவிட்டு நான் போனை எடுத்தேன். சித்தி தட்டிவிட்டு அவரே கொடுத்தார்.

பணத்தைவிடத் தட்டுப்பாடான பொருள் நேரம். அறையை அமைக்க என்று தனியாக ஒரு நாள் கிடைப்பதில்லை. எனவேதான் சனிக்கிழமை.

பெற்றோர் என்ன பார்க்கலாம்?

'ஒரே டீச்சர் மூணு கிளாஸா?' என்ற கேள்வியோடு பல பெற்றோர் அரசுப் பள்ளி வாசலிலிருந்தே திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. வகுப்புக்கு ஒரு ஆசிரியர் வேண்டும் என்று கேட்க வேண்டியது நம் எல்லோருடைய வேலையும்தான். எவ்வளவு நன்றாக அமைத்தாலும் ஒரு அறை இன்னொரு டீச்சர் ஆகிவிடாது. ஆனால், அந்த டீச்சர் வரும் வரை, ஒரு குழந்தையின் 26 நிமிடம் வீணாகாமல் பார்த்துக்கொள்ளும்.

பள்ளிக்குப் போனால் சுவரில் எத்தனை கார்ட்டூன் வரைந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்குப் பதிலாக மூன்றைக் கவனியுங்கள். பொருட்கள் குழந்தையின் கைக்கு எட்டுகின்றனவா? சுவரில் குழந்தைகளின் கையெழுத்து இருக்கிறதா? எப்போதும் ஒரே மூலையில் ஒதுங்கும் குழந்தை யாராவது இருக்கிறதா?

வீட்டில் கேட்கவும் ஒரு கேள்வி இருக்கிறது. 'இன்னைக்கு மிஸ் என்ன சொல்லிக் கொடுத்தாங்க?' என்று எல்லோரும் கேட்போம். அதோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்: 'மிஸ் மத்த கிளாஸ் பசங்களைப் பாத்துட்டு இருந்தப்போ நீ என்ன பண்ணே?'

பதில் 'சும்மா இருந்தேன்' என்றால், பள்ளியில் போய்ப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. 'கணக்குத் தட்டு எடுத்து, பக்கத்துல இருந்த பாப்பாவுக்கு எண்ணச் சொல்லிக் கொடுத்தேன்' என்று வந்தால், அந்த அறையில் ஒரு டீச்சர் சனிக்கிழமையும் வந்து வேலை செய்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.